ஒரு சாவுக்கு ஒரு டாலர்: நியூ ஹேவன் சங்கத்தின் கதை



இன்று ஒரு சங்கத்தின் வரலாற்றை எழுதுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து மணி எப்போது அடிக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தவர்களும் இந்த ஒரு முறை முழுதாகப் படித்துவிடுங்கள். பரீட்சை கிடையாது.

சங்கத்தின் பெயர் 'நைட்ஸ் ஆஃப் கொலம்பஸ்'. தமிழில் 'கொலம்பஸ் வீரர்கள்' என்று சொல்லலாம். அமெரிக்காவில் தொடங்கிய கத்தோலிக்க ஆண்களின் சகோதர சங்கம். அங்கே குடியேறியிருக்கும் நம் பிள்ளைகள் பலர் தங்கள் பங்குக் கோயில் வாசலில் இந்தப் பெயரைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் அது எதற்காகப் பிறந்தது என்று கேட்டால் அமெரிக்கக்காரர்களிலேயே பலருக்குத் தெரியாது. விதவையான ஒரு தாயிடமிருந்து அவள் பிள்ளைகளைப் பிரித்துவிடக் கூடாது என்பதற்காகப் பிறந்தது அது.

முதலில் ஊரைச் சொல்கிறேன். அமெரிக்காவின் வடகிழக்கில் கனெக்டிகட் என்று ஒரு சிறிய மாநிலம். அதன் கடற்கரை நகரம் நியூ ஹேவன். யேல் பல்கலைக்கழகம் இருக்கும் ஊர். 1870களிலும் 1880களிலும் அங்கே துப்பாக்கி, கடிகாரம், குதிரை வண்டி செய்யும் தொழிற்சாலைகள் நிறைய இருந்தன. வேலை செய்தவர்களில் பெரும்பகுதி அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்தவர்கள், அல்லது அவர்களின் பிள்ளைகள். அயர்லாந்தில் 1840களில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகி வந்த பெரும்பஞ்சத்தை எட்டாம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன், நினைவிருக்கும். அந்தப் பஞ்சத்தில் கப்பலேறியவர்களின் வம்சம்தான் இவர்கள்.

கத்தோலிக்கர்கள் என்பதால் அந்த நாட்டில் இவர்களுக்கு மதிப்பில்லை. 'போப்பாண்டவருக்கு விசுவாசமாக இருப்பவன் அமெரிக்காவுக்கு எப்படி விசுவாசமாக இருப்பான்?' என்பது அன்றைய பேச்சு. நியூ ஹேவனில் பணக்காரர்கள் வசித்த ஹில்ஹவுஸ் அவென்யூவில் இவர்கள் கடன் வாங்கிப் புனித மரியன்னைக்கு ஓர் ஆலயம் கட்டினார்கள். 1879இல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை அதைப் பற்றி ஒரு செய்தி போட்டது. கோயில் அழகாக இருக்கிறது என்று அல்ல, மேட்டுக்குடித் தெரு ஒன்று கத்தோலிக்கக் கோயிலால் களங்கப்பட்டுவிட்டது என்று.

அந்தக் கோயிலுக்கு உதவிப் பங்குத்தந்தையாக வந்தவர் மைக்கேல் மெக்கிவ்னி. 1852 ஆகஸ்ட் 12 அன்று, அதே மாநிலத்தின் வாட்டர்பரி நகரில், பதின்மூன்று பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தவர். பதின்மூன்றில் ஆறு பிள்ளைகள் சிறு வயதிலேயே இறந்துவிட்டார்கள். அப்பா பித்தளை ஆலையில் இரும்பு வார்ப்பு வேலை பார்த்தார். மைக்கேலும் பதின்மூன்று வயதில் பள்ளியை முடித்துவிட்டுப் பித்தளைத் தொழிற்சாலையில் கரண்டி செய்யும் பிரிவில் வேலைக்குப் போனார். பிறகு குருவாக வேண்டும் என்ற ஆசையில் கனடாவின் கியூபெக்குக்குப் படிக்கப் போனார்.

1873இல் அப்பா இறந்துவிட்டார். மகன் படிப்பை நிறுத்திவிட்டு வீட்டுக்கு ஓடி வரவேண்டியதாயிற்று. வீட்டில் அம்மா, அவரைச் சுற்றித் தம்பி தங்கைகள். ஆயர் உதவி செய்ததால் பால்டிமோர் குருத்துவக் கல்லூரியில் படிப்பைத் தொடர முடிந்தது. 1877 டிசம்பர் 22 அன்று பேராயர் கிப்பன்ஸ் அவருக்குக் குருப்பட்டம் கொடுத்தார். அப்பா போன வீட்டில் அடுத்த நாள் அடுப்பு எரியுமா என்ற கேள்வியை இந்த இளைஞர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தன் வீட்டிலேயே பார்த்துவிட்டுத்தான் கோயில் வேலைக்கு வந்தார்.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிற்க வேண்டும். வருகைப் பதிவேட்டைப் பிடித்த கை இது. ஒரு பிள்ளை தொடர்ந்து நான்கு நாள் வரவில்லை என்றால் காய்ச்சலாக இருக்கும் என்று நினைப்போம். பத்து நாள் ஆனால் விசாரிப்போம். அப்பா தவறிவிட்டார் என்று தெரிய வரும். காரியம் முடிந்து அந்தப் பிள்ளை திரும்பி வருமா, அல்லது அம்மா டி.சி. வாங்க வருவாரா என்பது அந்த வீட்டில் மிச்சமிருக்கும் காசைப் பொறுத்தது. டி.சி. வாங்க வந்த தாய்மார்கள் ஒருவரும் அழுது நான் பார்த்ததில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, 'நல்லாப் படிக்கிற புள்ள சார்' என்று மட்டும் சொல்வார்கள். அதனால் மெக்கிவ்னியின் கதை எனக்கு வெளிநாட்டுக் கதையாகத் தெரியவில்லை.

நியூ ஹேவனில் நிலைமை இன்னும் ஒரு படி மோசம். ஆலை விபத்திலோ நிமோனியாவிலோ குடும்பத் தலைவன் செத்துப் போனால், விஷயம் சொத்துரிமை நீதிமன்றத்துக்குப் போகும். வயது வராத பிள்ளைகளைக் காப்பாற்ற அந்தக் குடும்பத்துக்கு வழி இருக்கிறதா என்று நீதிமன்றம் கேட்கும். தாய் இருக்கிறாள் என்பது மட்டும் போதாது, பணப்பிணை காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் பிள்ளைகள் வேறு வீடுகளுக்கோ அநாதை விடுதிக்கோ போக நேரிடும்.

எட்வர்டு டௌன்ஸ் என்பவரின் குடும்பத்துக்கு அதுதான் நேர்ந்தது. அவர் இறந்த பிறகு, மகன் ஆல்பிரட்டுக்கு ஒரு காப்பாளரும் 2,500 டாலர் பிணையும் வேண்டும் என்று நீதிமன்றம் கேட்டது. சாதாரணத் தொழிலாளி பல வருடம் உழைத்தாலும் சேர்க்க முடியாத தொகை அது. 1882 பிப்ரவரியில் மெக்கிவ்னி அந்தப் பையனுக்குக் காப்பாளராகப் பொறுப்பேற்க நீதிமன்றத்தில் முன்வந்தார். பையன் வீட்டிலேயே இருந்தான்.

ஒரு பையனைக் காப்பாற்றியாயிற்று. அடுத்த வாரம் இன்னொருவன் சாவான், அதற்கு அடுத்த மாதம் வேறொருவன். ஒரு குருவானவர் எத்தனை பிள்ளைகளுக்குக் காப்பாளராக நிற்க முடியும்? கோயில் உண்டியலில் எடுத்துக் கொடுக்கலாம் என்றால் கோயிலே கடனில் இருந்தது. அப்படியே கொடுத்தாலும் அது பிச்சையாகப் போய்விடும்.

அந்தக் காலத்து அமெரிக்காவில் இதற்கு ஒரு வழி இருந்தது. சகோதர சங்கங்கள் என்று நிறைய இருந்தன. சந்தா கட்டிச் சேர்ந்தால், நோய்க்கும் சாவுக்கும் பணம் கிடைக்கும். ஆனால் அவற்றில் பல இரகசியச் சடங்குகள் கொண்டவை. கத்தோலிக்கன் அவற்றில் சேரத் திருச்சபை அனுமதிக்கவில்லை. சேர்ந்தால் கோயிலை இழப்பான், சேராவிட்டால் குடும்பத்துக்குப் பாதுகாப்பு இல்லை. நம் ஆட்களுக்கு நாமே ஒன்று ஏற்படுத்தினால் என்ன என்று மெக்கிவ்னி யோசித்தார். ஏற்கெனவே இருந்த கத்தோலிக்கச் சங்கங்களைப் பார்க்கப் பாஸ்டனுக்கும் புரூக்ளினுக்கும் போய் வந்தார். எதுவும் தன் ஊருக்கு அப்படியே பொருந்தாது என்று முடிவு செய்தார்.

1881 அக்டோபர் 2 அன்று புனித மரியன்னை ஆலயத்தின் அடித்தளத்தில் சிலரைக் கூட்டினார். அப்போது அவருக்கு 29 வயது. சில மாதங்கள் பேசிப் பேசி விதிகளை வகுத்தார்கள். 1882 மார்ச் 29 அன்று கனெக்டிகட் சட்டமன்றம் சங்கத்துக்குச் சாசனம் அளித்தது. இவர்கள் ஏன் கொலம்பஸ் பெயரை எடுத்தார்கள் என்று கேட்பீர்கள். 'அமெரிக்காவைக் கண்டுபிடித்தவன் என்று நீங்கள் கொண்டாடும் ஆள் எங்கள் கத்தோலிக்கன்தானே, அப்படியானால் நாங்கள் எப்படி அந்நியர்கள்?' என்று மேட்டுக்குடியினரைக் கேட்பதுபோல இருந்தது அந்தப் பெயர். பூர்வகுடிகள் கொலம்பஸால் பட்ட பாட்டை இன்று உலகம் பேசுகிறது, சிலைகள் இறங்குகின்றன. 1882இல் அந்த ஐரிஷ் தொழிலாளர்கள் அதை நினைத்துப் பார்க்கவில்லை. 'நைட்ஸ்' என்ற சொல்லைச் சேர்த்தவர் ஜேம்ஸ் மல்லன். உள்நாட்டுப் போரில் பங்கெடுத்தவர், சங்கத்தின் முதல் தலைவர்.

இப்போது கணக்குப் பாடம். கரும்பலகையில் எழுதுவதுபோல எழுதுகிறேன்.

ஓர் உறுப்பினர் இறந்தால், மற்ற ஒவ்வொருவரும் ஒரு டாலர் போட வேண்டும். ஆயிரம் பேர் இருந்தால் ஆயிரம் டாலர். அது அப்படியே அந்த விதவைக்குப் போகும். ஆயிரத்துக்கு மேல் உறுப்பினர்கள் சேர்ந்தால் ஆளுக்கு ஒரு டாலர் தேவையில்லை, பங்கு குறையும். நோயில் படுத்தவருக்கு வாரம் 5 டாலர் வரை, 13 வாரம். அதற்கு மேலும் படுத்திருந்தால் உள்ளூர்க் கிளை கூடிப் பேசி முடிவு செய்யும். அவ்வளவுதான் திட்டம்.

இந்தக் கணக்கில் ஓர் ஓட்டை உண்டு. நல்ல மாணவன் உடனே கண்டுபிடிப்பான். 20 வயதுக்காரனும் 45 வயதுக்காரனும் ஒரே அளவு போடுகிறார்கள். யாருக்குச் சாவு அருகில் இருக்கிறது? பெரியவருக்கு. இளைஞன் வாழ்நாள் முழுவதும் கட்டும் தொகை, பிந்திய வயதில் சேர்ந்தவர் கட்டுவதைவிட மிக அதிகம். காப்பீட்டுக் கணக்கர்கள் கண்ணில் இது தவறான ஏற்பாடு. பிற்பாடு சங்கமும் வயதுக்கேற்ற சந்தா முறைக்கு மாறியது. ஆனாலும் தொடக்கத்தில் அந்த இளைஞர்கள் கணக்குத் தெரியாமல் ஒப்புக்கொண்டார்கள் என்று நான் நினைக்கவில்லை. கூட வேலை செய்யும் பெரியவர் வீட்டில் என்ன நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் போட்டார்கள்.

நம்மில் அரசு வேலையில் இருந்தவர்களுக்கு இது புதிதல்ல. சம்பளப் பட்டியலில் 'குடும்பப் பாதுகாப்பு நிதி' என்று மாதாமாதம் ஒரு சிறு தொகை பிடிப்பார்கள். ஓய்வு பெறும்வரை யாரும் அதைக் கவனிப்பதில்லை. பணியில் இருக்கும்போதே ஒருவர் இறந்துவிட்டால் அந்தக் குடும்பத்துக்கு ஒரு தொகை வரும். அந்தப் பணத்தை வாங்கும் பெண் யாருக்கும் நன்றி சொல்லிக் கைகூப்ப வேண்டியதில்லை. அது அவளுக்குச் சேர வேண்டியது. மெக்கிவ்னி செய்ததும் அதுதான். தர்மத்தை அவர் உரிமையாக மாற்றினார். கொடுப்பவன் உயரத்திலும் வாங்குபவன் தாழ்விலும் நிற்கும் நிலை அதில் இல்லை. இன்று கொடுப்பவன் நாளை வாங்குவான். சங்கத்தின் கொள்கைகளில் முதலில் வந்தவை ஒற்றுமையும் தர்மமும். அந்த இரண்டு சொற்களையும் பிரித்துப் பார்க்கக் கூடாது என்பது அந்த ஒரு டாலர் கணக்கிலேயே இருக்கிறது.

சங்கம் உடனே வளரவில்லை. முதல் வருடம் ஆள் சேர்ப்பதே பெரும்பாடாக இருந்தது. முதல் கிளை நியூ ஹேவனிலேயே, இரண்டாவது பக்கத்து ஊரான மெரிடனில். பிறகு மெல்ல மெல்ல மாநிலம் தாண்டியது. மெக்கிவ்னி தலைமைப் பொறுப்பில் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. நிர்வாகத்தைப் பொதுநிலையினரிடம் ஒப்படைத்துவிட்டு ஆன்மகுருவாக இருந்தார். 1884இல் தாமஸ்டன் என்ற ஆலை ஊருக்குப் பங்குத்தந்தையாக மாற்றப்பட்டார். 1890 ஆகஸ்ட் 14 அன்று நிமோனியாவில் காலமானார். வயது 38. பிறந்தநாள் கழிந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. நூற்றி முப்பது ஆண்டுகள் கழித்து, 2020 அக்டோபர் 31 அன்று, ஹார்ட்ஃபோர்டு நகரில் அவரை அருளாளராகத் திருச்சபை அறிவித்தது. அவர் கண்மூடும்போது சங்கம் சிறியது. இன்று ஏறத்தாழ 20 லட்சம் பேர். கனடா, மெக்சிகோ, பிலிப்பைன்ஸ், போலந்து என்று பல நாடுகளில் கிளைகள். நியூ ஹேவனில் தலைமை அலுவலகம் 23 மாடி. ஒரு டாலர் கணக்கு வளர்ந்து, 100 பில்லியன் டாலருக்கு மேல் காப்பீடு வைத்திருக்கும் பெரிய நிறுவனமாகிவிட்டது.

பெரிய நிறுவனத்தைப் பற்றி எனக்கு அவ்வளவு ஆர்வம் இல்லை. உள்ளூர்க் கிளையைப் பற்றிச் சொல்கிறேன். மகன் வீட்டில் சில மாதம் தங்கியிருந்தபோது தவக்காலம் வந்தது. வெள்ளிக்கிழமை மாலை பங்குக் கோயிலின் மண்டபத்தில் மீன் பொரித்து விற்றார்கள். தவக்கால வெள்ளியில் இறைச்சி கிடையாது என்பதால் அந்த ஏற்பாடு. ஏப்ரன் கட்டிக்கொண்டு கொதிக்கும் எண்ணெய் முன்னால் நின்றவர்கள் எல்லாரும் ஆண்கள், பாதிப்பேர் என் வயதுக்காரர்கள். ஒருவர் ஓய்வு பெற்ற தபால்காரர், ஒருவர் குழாய் பழுது பார்ப்பவர், ஒருவர் பள்ளிப் பேருந்து ஓட்டுநர். தட்டுக்கு வசூலிக்கும் பணம் எங்கே போகிறது என்று தபால்காரரிடம் கேட்டேன். அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளின் பயிற்சி மையத்துக்கு என்றார். குளிர்காலத்தில் ஏழைப் பிள்ளைகளுக்குக் கோட்டு வாங்கிக் கொடுப்பார்களாம். கடைவாசலில் நின்று மிட்டாய் கொடுத்து நன்கொடை கேட்பார்களாம். 'விதவையின் வீட்டில் குழாய் ஒழுகினால்?' என்று கேட்டேன். குழாய்க்காரரைக் கைகாட்டிச் சிரித்தார்.

ஆயிரக்கணக்கான ஊர்களில் இப்படித்தான் நடக்கிறது. பத்திரிகையில் வராத வேலை. ஒரு கிளைக்கு ஐம்பது அறுபது பேர் இருந்தால், உழைப்பவர்கள் பத்துப் பேர்தான் என்பதும் நம் ஊர்ச் சங்கங்களைப் போலவே.

இனி வரலாற்றின் பெரிய பக்கங்களுக்கு வருகிறேன். இரண்டு பெருமை, ஒரு வெட்கம்.

முதல் பெருமை, முதல் உலகப்போர். 1917இல் அமெரிக்கா போரில் இறங்கியதும் படைவீரர்களுக்காக முகாம்களிலும் ஐரோப்பாவிலும் இந்தச் சங்கம் ஓய்வுக் கூடங்களை நடத்தியது. காபி, கடிதத்தாள், விளையாட்டு, எல்லாம் இலவசம். 'எல்லாரும் வரலாம், எல்லாம் இலவசம்' என்று பலகை. கத்தோலிக்கனா என்று கேட்கவில்லை. நிறமும் பார்க்கவில்லை. அமெரிக்கப் படையே கறுப்பர் வேறு, வெள்ளையர் வேறு என்று பிரிந்து கிடந்த காலம் அது. இந்தக் கூடங்கள் நிறவேற்றுமை காட்டவில்லை என்பதைக் கறுப்பின எழுத்தாளர் எம்மெட் ஸ்காட் 1919இல் வெளிவந்த தம் நூலில் பாராட்டிப் பதிவு செய்தார். போர் முடிந்து வந்தவர்களுக்கு வேலை தேடித் தந்தார்கள், மாலைநேரப் பள்ளிகள் நடத்தினார்கள்.

இரண்டாவது பெருமை, ஆசிரியனாக எனக்கு நெருக்கமானது. 1922இல் ஓரிகன் மாநிலம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. 8 முதல் 16 வயதுவரை எல்லாப் பிள்ளைகளும் அரசுப் பள்ளியில்தான் படிக்க வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதைத் தாங்கிப் பிடித்தவர்களில் கு கிளக்ஸ் கிளான் இருந்தது. கத்தோலிக்கப் பள்ளிகளை மூடுவதுதான் குறி. பள்ளி நடத்திய அருட்சகோதரிகள் வழக்குப் போட்டார்கள். நைட்ஸ் பண உதவி செய்தார்கள். 1925இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அந்தச் சட்டத்தைச் செல்லாததாக்கியது. பிள்ளை வெறும் அரசாங்கத்தின் பொருள் அல்ல என்பது தீர்ப்பின் சாரம். அதே ஆண்டுகளில் சங்கம் ஒரு நூல் வரிசையையும் கொண்டுவந்தது. அமெரிக்காவைக் கட்டியெழுப்பியதில் யூதர், ஜெர்மானியர், கறுப்பின மக்கள் ஆகியோரின் பங்கு என்ன என்று ஆளுக்கொரு புத்தகம். கறுப்பின மக்களைப் பற்றிய நூலை எழுதியவர் மாபெரும் அறிஞர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ். 1924இல் வெளிவந்தது.

இப்போது வெட்கம். அதே சங்கத்தின் உள்ளூர்க் கிளையில் ஒரு கறுப்பினக் கத்தோலிக்கர் சேர விண்ணப்பித்தால் என்ன ஆகும்?

விதிப்புத்தகத்தில் நிறத்தைப் பற்றி எதுவும் இல்லை. ஆனால் புதியவரைச் சேர்க்க இரகசிய வாக்கெடுப்பு உண்டு. பெட்டிக்குள் வெள்ளைப் பந்து போட்டால் சம்மதம், கறுப்புப் பந்து போட்டால் மறுப்பு. ஒரு சிலர் கறுப்புப் பந்து போட்டாலே விண்ணப்பம் தள்ளுபடி, ஐந்து பந்து போதும். யார் போட்டார்கள் என்று தெரியாது. ஏன் போட்டார்கள் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. திருப்பலியில் பக்கத்தில் உட்கார்ந்து 'சமாதானம்' என்று சொல்பவன், மாலையில் பெட்டிக்குள் கையைவிட்டு ஒரு பந்தை உருட்டிவிட்டுப் போகலாம். 1909இல் இச்சங்கத்தில் இரண்டு லட்சத்துக்கு மேல் ஆட்கள். அதே 1909இல் அலபாமா மாநிலத்தின் மொபீல் நகரில் கறுப்பினக் கத்தோலிக்கர்களுக்காகத் தனிச் சங்கம் தொடங்க வேண்டியதாயிற்று. அடிமைகளுக்கு ஊழியம் செய்த புனித பீட்டர் கிளேவரின் பெயர் அதற்கு. அதுவும் சாவுக்கும் நோய்க்கும் உதவும் சகோதர சங்கம்தான், இன்றும் நடக்கிறது.

சிந்தித்துப் பாருங்கள். 'நீ அந்நியன், உன் கோயிலால் எங்கள் தெருவுக்குக் களங்கம்' என்று கேட்டவர்களின் பேரன்கள் இவர்கள். தாத்தாவுக்கு மூடப்பட்ட கதவின் வலி பேரனின் கைக்குத் தெரியவில்லை. அடிபட்டவன் அடிக்க மாட்டான் என்று வரலாற்றில் எந்த உத்தரவாதமும் கிடையாது.

1963இல் சிகாகோவில் நோட்டர்டேம் பல்கலைக்கழகப் பட்டதாரியான ஒரு கறுப்பினக் கத்தோலிக்கரின் விண்ணப்பம் இப்படி நிராகரிக்கப்பட்டது. அந்தக் கிளையின் நிர்வாகிகள் ஆறு பேர் தங்கள் பதவிகளைத் துறந்துவிட்டு வெளியே வந்தார்கள். செய்தி நாடெங்கும் பரவியது. அடுத்த ஆண்டு, 1964இல், நியூ ஆர்லியன்ஸில் மாநாடு. கூட்டம் நடக்கவிருந்த விடுதி வெள்ளையர்களுக்கு மட்டுமே அறை கொடுக்கும் என்பது கடைசி நேரத்தில் தெரிந்தது. புதிதாகப் பொறுப்பேற்ற தலைவர் ஜான் மெக்டெவிட், 'அப்படியானால் வேறு இடம் பார்க்கிறோம்' என்றார். விடுதி தன் வழக்கத்தை மாற்றிக்கொண்டது. மாநாடும் தன் விதியை மாற்றியது. வாக்களிப்பவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் மறுத்தால்தான் ஒருவரைத் தள்ள முடியும் என்றாயிற்று. 1972இல் அதையும் தளர்த்திப் பெரும்பான்மை மறுக்க வேண்டும் என்றார்கள். தொடங்கி எண்பது ஆண்டுக்கு மேல் ஆயிற்று, அந்தப் பந்துப்பெட்டியின் பல்லைப் பிடுங்க.

அந்த ஆறு பேரை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. அவர்கள் விண்ணப்பித்தவர்கள் அல்லர், பாதிக்கப்பட்டவர்களும் அல்லர். பேசாமல் இருந்திருந்தால் பதவி இருந்திருக்கும், நண்பர்கள் இருந்திருப்பார்கள். உள்ளே இருப்பவன் எழுந்து வெளியே போனபோதுதான் கதவு அசைந்தது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. எந்த விதவைக்காக இந்தச் சங்கம் பிறந்ததோ, அந்த விதவை இதில் உறுப்பினராக முடியாது. இன்றும் இது ஆண்கள் சங்கம்தான். பலன் பெண்ணுக்கு, வாக்கு ஆணுக்கு. 'சகோதரர்' என்ற சொல்லுக்கு எவ்வளவு அகலம் என்று அவர்கள் பேசித் தீர்க்க வேண்டியது இன்னும் பாக்கி இருக்கிறது.

குறையைச் சொன்னதால் நிறையை மறைக்கக் கூடாது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் நியூயார்க்கில் நூற்றுக்கணக்கான தீயணைப்பு வீரர்களும் காவலர்களும் இறந்தார்கள். இந்தச் சங்கம் சில நாட்களிலேயே அந்தக் குடும்பங்கள் ஒவ்வொன்றுக்கும் உடனடிச் செலவுக்கு 3,000 டாலர் கொடுத்தது. இறந்தவர் என்ன மதம் என்று கேட்கவில்லை. அரசாங்க உதவி வர நாளாகும், காப்பீடு வர நாளாகும். அதற்குள் வீட்டு வாடகை வந்து நிற்கும். அந்த இடைவெளி எவ்வளவு கொடியது என்று தெரிந்தவர்கள் மட்டுமே அவ்வளவு சீக்கிரம் காசோலை எழுதுவார்கள். 2022இல் உக்ரைனிலிருந்து தாய்மார்களும் பிள்ளைகளும் எல்லை கடந்து போலந்துக்குள் வந்தபோது, வரவேற்று உணவும் உடையும் கொடுத்த கூடாரங்களில் இவர்களும் நின்றார்கள். நியூ ஹேவன் அடித்தளத்தில் கூடியவர்களின் நோக்கம் இங்கேதான் தன் முழு அளவுக்கு விரிந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

சரி, இதை ஏன் உங்களுக்கு எழுதுகிறேன்? உங்களில் பலர் இப்போது ஏதாவது ஒரு சங்கத்தில் இருக்கிறீர்கள். குடியிருப்போர் சங்கம், ஊர்ச் சங்கம், பங்குப் பேரவை, கோயில் கமிட்டி, வெளிநாட்டில் தமிழ்ச் சங்கம், முன்னாள் மாணவர் குழு. பொங்கல் விழா நடத்துகிறோம், படம் போடுகிறோம், நல்லது. அதோடு இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

ஒன்று: நம்மில் ஒருவர் நாளை இல்லாமல் போனால், பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு அந்த வீட்டுக்கு நம் சங்கம் என்ன செய்யும்? மாலை வாங்கிப் போடுவதும் இரங்கல் செய்தி அனுப்புவதும் போதாது. அந்தப் பிள்ளைகளின் அடுத்த வருடப் பள்ளிக் கட்டணத்தை யார் கட்டுவது என்று இப்போதே, எல்லாரும் நன்றாக இருக்கும்போதே, எழுதி வையுங்கள். சாவு வந்த பிறகு வசூலித்தால் அது உதவி. முன்பே விதியாக எழுதி வைத்தால் அது உரிமை. வாங்குகிற பெண்ணின் தலை நிமிர்ந்திருப்பதற்கும் குனிந்திருப்பதற்கும் உள்ள வித்தியாசம் அது.

இரண்டு: நம் உறுப்பினர் பட்டியலில் யார் பெயர் இல்லை? ஏன் இல்லை? விதியில் எழுதியிருக்காது. பந்துப்பெட்டி கண்ணுக்குத் தெரியாது. 'அவங்க வந்தா சரிப்படாது' என்று யாரோ மெல்லச் சொல்லியிருப்பார்கள், மற்றவர்கள் கேட்காததுபோல் இருந்திருப்பார்கள். நம் ஊரில் அதற்கு நிறம் தேவையில்லை, தெருப் பெயர் போதும். நான் பாடம் நடத்திய வகுப்பறைகளில் நீங்கள் எல்லாரும் ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்தீர்கள்.

வீட்டுப் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. வங்கிக் கணக்கிலும் காப்பீட்டிலும் வாரிசுதாரர் பெயர் சரியாக இருக்கிறதா என்று இந்த வாரமே பார்த்துவிடுங்கள். மனைவிக்குத் தெரியாமல் எந்தப் பத்திரமும் இருக்க வேண்டாம்.

பதிவை முழுதாகப் படித்தவர்களுக்கு வருகைப் பதிவேட்டில் முழு வருகை போட்டுவிட்டேன். பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் என் ஆசிகள்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்